பிடிபட்டது மணிக்கட்டு மட்டும்தான்

ஐகிடோ என்கிற ஜப்பானியத் தற்காப்புக் கலையில் சேர்ந்த முதல் மூன்று மாதத்தில் நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: என் கைக்கு வலு போதாது. அது தப்பான பாடம் என்று புரிய இன்னும் இரண்டு வருடம் ஆனது.

எங்கள் வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் பெரும்பாலும் கொக்யூ-ஹோவுக்குத்தான். இருவர் எதிரெதிரே முழங்காலை மடக்கி உட்கார வேண்டும். ஒருவர் மற்றவரின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொள்வார். பிடிபட்டவர் பிடித்தவரைப் பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். அவ்வளவுதான். ஓடிச் சமாளிக்கக் கால் இல்லை, வேகத்தைக் காட்டி மழுப்பவும் முடியாது. அன்று எனக்கு வாய்த்த ஜோடி என்னைவிட இருபது வயதாவது மூத்த ஒரு அக்கா. ஒல்லியான உடம்பு. பாவம், மெதுவாகத் தள்ளுவோம் என்று நினைத்தேன். மெதுவாகத் தள்ளினேன், அசையவில்லை. கொஞ்சம் பலமாகத் தள்ளினேன். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினேன். என் முகம் சிவந்ததுதான் மிச்சம்.

அவர் முறை வந்தது. நான் இறுக்கிப் பிடித்திருந்தேன். அவர் இழுத்ததாகவும் தெரியவில்லை, தள்ளியதாகவும் தெரியவில்லை. என் தோள்கள் தாமாக மேலே ஏறின, உடம்பு லேசானது, அடுத்த நொடி ‘மேட்’ என்கிற பயிற்சி விரிப்பில் கிடந்தேன்.

“நான் எங்க பிடிச்சிருந்தேன்?” என்று கேட்டார்.

“மணிக்கட்டுல.”

“மணிக்கட்டை மட்டும்தானே? முழங்கை, தோள், இடுப்பு, அதையெல்லாம் யாரு பிடிச்சா தம்பி? சும்மா கிடக்கிற உடம்பையெல்லாம் விட்டுட்டு, பிடிபட்ட ஒரே இடத்தோட மல்லுக்கு நிக்கிறியே.”

ஒருமுனைப்பான கவனம், சரியான நேரம், முழு உடம்பின் வலு என்று ஐகிடோவில் மூன்றையும் தனித்தனியாகச் சொல்வார்கள். ஒரு உத்தி நடக்கும்போது முதலில் வருவது கவனம், அது சரியாக இருந்தால் நேரம் அமையும், அது அமைந்த பிறகுதான் வலுவுக்கு வேலை. நான் கற்றதோ தலைகீழாக. முதலில் வலுவைத் துரத்தினேன், அப்புறம் நேரத்தை, கவனத்துக்குக் கடைசியாகத்தான் வந்து சேர்ந்தேன். நடந்தது நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

கனமான பீரோ ஒன்றை நகர்த்த வேண்டும் என்றால் யாரும் கையை நீட்டி நின்றுகொண்டு தள்ளுவதில்லை. கிட்டே போய், முழங்கையை விலாவோடு சேர்த்து, உடம்பைச் சாய்த்து, காலால் தரையை உந்துவோம். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பீரோவிடம் இவ்வளவு புத்தியாக நடந்துகொள்கிற நாம், எதிரே மனிதர் ஒருவர் வந்து மணிக்கட்டைப் பிடித்தால் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறோம். கை தனியாகச் சண்டைக்குப் போகிறது. உடம்பிலேயே பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும் இருக்கின்றன. அவற்றை வேடிக்கை பார்க்க விட்டுவிட்டு புஜத்தை மட்டும் அனுப்புகிறோம்.

காலின் உந்துதல் கைக்கு வந்து சேர வேண்டுமானால் வழியில் எதுவும் அறுந்திருக்கக் கூடாது. என் விஷயத்தில் இரண்டு இடத்தில் அறுந்திருந்தது. ஒன்று முழங்கை. அது விலாவை விட்டு வெளிப்பக்கம் விரிந்ததும் இடுப்புக்கும் கைக்கும் தொடர்பு போய்விடும். இன்னொன்று தோள். முயற்சி கூடக் கூட அது காதை நோக்கி ஏறும். அங்கேயே எல்லா வலுவும் தேங்கி நின்றுவிடும். ஐகிடோவின் நிறுவனர் மொரிஹெய் உயெஷிபாவிடம் 1932 முதல் கற்ற கோசோ ஷியோதா, பின்னாளில் யோஷின்கான் என்ற பிரிவைத் தொடங்கியவர். அந்தப் பிரிவின் அடிப்படைப் பயிற்சிகளில் ஒன்றின் பெயரே ஹிரிகி-நோ-யோசேய், அதாவது முழங்கை வலுவை வளர்ப்பது. பெயரைக் கேட்டதும் முழங்கைக்கு ஏதோ தண்டால் எடுக்கச் சொல்வார்கள் என்று நினைத்தேன். செய்து பார்த்தால் கால் எடுத்து வைக்கும் பயிற்சி அது. இடுப்பு முன்னே போகிறது, முழங்கை இடத்தை விட்டு நழுவாமல் அதோடு போகிறது, கை மேலே எழுகிறது. ஷியோதா உயரம் சுமார் ஐந்தடிதான். அவர் இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட்டார் என்று எனக்குப் புரிந்தது.

எங்கள் வகுப்பில் இதே வேலையைச் செய்தது ஃபுனகோகி என்கிற படகு வலிக்கும் பயிற்சி. ஒரு காலை முன்னே வைத்து, துடுப்பு போடுவது போலக் கையை முன்னே நீட்டி, பின்னே இழுக்க வேண்டும். மாதக்கணக்கில் கையைத்தான் ஆட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் சென்சேய், அதாவது எங்கள் ஆசிரியர், பின்னால் வந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். கை போய் வந்தது, இடுப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. “படகு நகரல, துடுப்பு மட்டும் நகருது” என்றார். இடுப்பு முதலில் முன்னே போக வேண்டும், கை அதைத் தொடர வேண்டும். திரும்பும்போதும் இடுப்பு முதலில். வீட்டில் பழக எளிய வழி, இரண்டு முஷ்டியையும் இடுப்பு எலும்பில் ஒட்டவைத்துக்கொண்டு கை இல்லாமலேயே இருபது முறை செய்வது. அப்புறம் கையைச் சேர்த்துக்கொள்ளலாம். எது முதலில் கிளம்புகிறது என்பது அப்போது உடம்பிலேயே தெரியும்.

மரவாள் எனக்கு இன்னொரு உண்மையைச் சொன்னது. பொக்கன் என்கிற அந்த வாள் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். ஓங்கி வெட்டினால் என் வாள் எப்போதும் இடப்பக்கமாகச் சாய்ந்து இறங்கும். வலது கைதான் காரணம். வலது கை வழிகாட்ட மட்டும்தான், வெட்டுவது இடது கையின் வேலை என்று சொல்லியிருந்தார்கள். நான்தான் கேட்கவில்லை. வலது கையின் பிடியை வெறும் இரண்டு விரலாக்கி வெட்டிப் பழகியதும் வாள் நேராக இறங்கத் தொடங்கியது. வேடிக்கை என்னவென்றால், அதே வாரம் என் ஷிஹோநாகேயும் திருந்தியது. எதிராளியின் கையைத் தலைக்கு மேலே உயர்த்தித் திரும்பி இறக்குகிற உத்தி அது. வாளை உயர்த்தி வெட்டுகிற அதே அசைவு. அதுவரை அந்தக் கையைப் பக்கவாட்டில் தோளால் தூக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு கையும் தொப்புளுக்கு நேரே இருக்க வேண்டும், திரும்ப வேண்டியது தொப்புள்தான் என்பது வாள் சொன்ன பிறகே மண்டையில் ஏறியது.

‘வளையாத கை’யைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உயெஷிபாவின் மாணவர் கொய்சி தொஹெய் இதை உலகம் முழுக்கப் பிரபலமாக்கினார். நீங்கள் கையை நீட்டிக்கொள்ள, இன்னொருவர் முழங்கையை மடக்கப் பார்ப்பார். இறுக்கினால் மடங்கும், தளர்த்தி விரல்நுனி வழியே தண்ணீர் பாய்வதாக நினைத்தால் மடங்காது. இதை மாயம் போலக் காட்டுகிறவர்கள் மேல் எனக்கு எரிச்சல் உண்டு. முஷ்டியை இறுக்கி உடம்பை முறுக்கும்போது புஜத்தின் முன்தசையும் பின்தசையும் சேர்ந்து இறுகுகின்றன. முன்தசையின் வேலையே கையை மடக்குவது, ஆக உங்கள் கையை மடக்க நீங்களே உதவுகிறீர்கள். தளர்ந்தால் அந்த உதவி நின்றுபோகிறது. இவ்வளவுதான் என் விளக்கம். ஆனால் பயிற்சி நல்ல பயிற்சி, அதில் சந்தேகமில்லை. எங்கே வீணாக இறுகுகிறோம் என்று ஒரே நிமிடத்தில் காட்டிக்கொடுக்கும்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் அடிபட்டேன். இரண்டாம் வருடம், என்னைவிட கனமான ஒருவரை விழவைத்தே தீர வேண்டும் என்று வீம்பாக இழுத்ததில் என் வலது தோளில் ஏதோ இழுத்துக்கொண்டது. குற்றம் முழுக்க என்னுடையது. ஆறு வாரம் பயிற்சி கூடாது என்றார் மருத்துவர். வீட்டில் இருக்கப் பிடிக்காமல் மேட்டின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக் கற்பதற்கு ஜப்பானியர் மித்தொரி-கெய்கோ என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள்.

முதல் வாரம் கைகளைப் பார்த்தேன், ஒன்றும் விளங்கவில்லை. இரண்டாவது வாரம் சலித்துப்போய்க் கால்களை மட்டும் பார்க்கத் தொடங்கினேன். அங்கேதான் இருந்தது விஷயம். புதியவர்களின் கால், மணிக்கட்டு பிடிபட்ட பிறகு நகர்ந்தது. அந்த அக்காவின் கால், பிடி விழுவதற்கு முன்பே கிளம்பிவிட்டது. பிடிக்க வந்தவரின் கை அவர் மணிக்கட்டைத் தொடும்போது மணிக்கட்டு வேறு எங்கோ போய்க்கொண்டிருந்தது, அவரும் கூடவே போக வேண்டியதாயிற்று. வேகம் ஒன்றும் இல்லை. பார்க்கப்போனால் மேட்டில் இருந்தவர்களிலேயே நிதானமாக நகர்ந்தவர் அவர்தான்.

தோள் ஆறித் திரும்பியதும் எனக்கும் முன்கூட்டியே நகர வேண்டும் என்று ஆசை. ஷோமென்-உச்சி, அதாவது நெற்றிக்கு நேராகக் கைவிளிம்பால் வெட்டும் தாக்குதல். எதிராளி அசைவதற்கு முன்பே உள்ளே பாய்ந்தேன். அவர் நிதானமாகக் கையின் திசையை மாற்ற, என் மூக்கே போய் அதில் மோதியது. சரி, காத்திருப்போம் என்று அடுத்த முறை கை இறங்குவதைப் பார்த்துவிட்டு நகர்ந்தேன். முழு வேகத்தில் இறங்கும் கையை என் முன்கையால் தாங்க வேண்டியதாகிவிட்டது. கண்ணால் ஒன்றைப் பார்த்து உடம்பு அசையத் தொடங்கவே ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். என்ன செய்வது என்று தேர்ந்தெடுக்கவும் வேண்டுமானால் இன்னும் கூடும். இறங்குகிற கையைப் பார்த்து முடிவெடுக்க அந்த நேரம் இல்லை.

சரியான இடம் இரண்டுக்கும் நடுவில், மிகக் குறுகலாக இருக்கிறது. எதிராளி தாக்குவது என்று முடிவுசெய்து எடையை முன்காலுக்கு மாற்றிவிட்டார், கை இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. அந்த இடம். இனி அவரால் மனம் மாற முடியாது, அவர் வலுவும் இன்னும் முழுசாக வந்து சேரவில்லை. முழங்கை வழியே எதிராளியை அடக்கும் இக்கியோ என்கிற உத்தியைச் செய்யும்போது அவர் முழங்கையை அங்கே சந்தித்தால், மேலே போகும் கை அப்படியே மேலே போய் அவர் பின்னே சாய்வார். நாம் செலவழிப்பது கொஞ்சம்தான். அரைக்கணம் தாமதித்தால் அதே உத்திக்குப் பல மடங்கு வலு கேட்கும். முதல் இரண்டு வருடம் வலு போதவில்லை என்று நான் அழுததெல்லாம் உண்மையில் நேரம் தப்பிய அழுகை.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு உதவியது வேகம் இல்லை, தூரம். மா-ஆய் என்பார்கள். எதிராளி உங்களைத் தொட வேண்டுமானால் ஒரு எட்டு வைத்தே ஆக வேண்டும், அந்தத் தூரத்தில் நிற்க வேண்டும். அந்த ஒரு எட்டுதான் உங்களுக்குக் கிடைக்கும் நேரம். நான் பழக்கதோஷத்தில் அரை எட்டு கிட்டே நின்றுகொண்டிருந்தேன். கையை நீட்டினால் தொட்டுவிடலாம், பிறகு நேரம் எங்கிருந்து வரும்? ஒரு பாத நீளம் பின்னே தள்ளி நின்ற அன்றே என் நேரம் ‘திருந்திவிட்டது’. பலர் என்ன பயிற்சி செய்தாய் என்று கேட்டார்கள். கொஞ்சம் தள்ளி நின்றேன், வேறொன்றுமில்லை.

நேரத்தைப் பழக நான் இன்றும் செய்வது இது. ஜோடியிடம் ஒரு எட்டுத் தூரத்தில் நின்றுகொள்வேன். அவர் விரும்பும் நேரத்தில் வெட்டலாம், பொய்யாக ஏமாற்றவும் செய்யலாம். நான் உத்தி எதுவும் செய்யக் கூடாது, அவர் பக்கவாட்டுக்குள் ஒரே ஒரு காலை எடுத்து வைக்க வேண்டும். இரிமி என்கிற நுழைவு மட்டும். ஏமாற்றுக்கு நான் அசைந்தால் ஒரு தப்பு, உண்மையான வெட்டுக்குத் தாமதித்தால் இன்னொரு தப்பு. இருபது முறைக்கு எத்தனை தப்பு என்று எண்ணுவோம். முதல் நாள் பதினான்கு தப்பு. எந்தக் குறிப்பைப் பார்த்து நகர்கிறேன் என்பது நாள்போக்கில்தான் தெரிந்தது. கை எல்லாவற்றுக்கும் கடைசியாகக் கிளம்புகிறது. அதற்கு முன் தோள், அதற்கு முன் இடுப்பு, அதற்கும் முன் மூச்சு. கையை ஓங்கும்போது பெரும்பாலோர் மூச்சை உள்ளே இழுக்கிறார்கள், மார்பு எழும்புகிறது. ஏமாற்றும்போது அந்த மூச்சு வருவதில்லை. எல்லாரிடமும் இப்படி என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் என்னோடு பழகியவர்களில் பலர் இப்படித்தான் மாட்டிக்கொண்டார்கள்.

வலுவையும் நேரத்தையும் ஒரே மூச்சில் பழகக் கூடாது என்பதும் அடிபட்டுக் கற்றதுதான். ஜப்பானின் இவாமா என்ற ஊரில் உயெஷிபாவிடம் 1946 முதல் பயின்ற மொரிஹிரோ சைத்தோவின் வழியில் இதைத் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். முதலில் நன்றாகப் பிடிக்கவிட்டு, நின்ற நிலையிலிருந்து செய்வது. அப்புறம்தான் பிடி விழும்போதே ஓட்டத்தோடு செய்யும் கி-நோ-நகாரே. முதல் வகை உடம்பைச் சோதிக்கும், இரண்டாவது நேரத்தை. நான் இரண்டாவதிலேயே சுகமாகக் காலம் தள்ளப் பார்த்தேன். ஓட்டத்தில் எல்லாம் அழகாக நடக்கும், இரக்கமுள்ள உகே, அதாவது உத்தியை வாங்கி விழுகிறவர், கொஞ்சம் கூடவே விழுந்தும் கொடுப்பார். அது இனிப்பான விஷம். இப்போதெல்லாம் நண்பர்களிடம், “சாஞ்சாதான் விழுங்க, எனக்காக விழாதீங்க” என்று சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

இதற்கு நேர் எதிரானவர்களும் உண்டு. என்ன உத்தி வரப்போகிறது என்று முன்பே தெரிந்துகொண்டு அதற்கு மட்டும் மரம் போல விறைத்து நிற்பவர்கள். முன்கூட்டியே தெரிந்த எதையும் யாரும் தடுக்கலாம், அதில் சாமர்த்தியம் எதுவும் இல்லை. அப்படி ஒருவர் வாய்த்தால் நான் வாதாடுவதில்லை. அவர் இறுகியிருக்கும் திசையை விட்டு வேறு திசையில் ஒரு விரற்கடை நகர்ந்து பார்ப்பேன். பெரும்பாலும் அங்கே கதவு திறந்தே இருக்கும்.

இனி கவனம். ஒருமுனைப்பு என்றால் முறைத்துப் பார்ப்பது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். பிடித்த கையை முறைப்பேன், ஓங்கிய கையை முறைப்பேன். பார்வை எங்கே ஒட்டுகிறதோ அங்கே உடம்பும் ஒட்டிக்கொள்கிறது. பிடிபட்ட மணிக்கட்டை நினைத்த மாத்திரத்தில் என் தோள் ஏறுவதைக் கண்ணாடியிலேயே பார்த்திருக்கிறேன். தூரத்து மலையைப் பார்ப்பது போலப் பார் என்பது ஜப்பானிய வீரக்கலைகளில் பழைய அறிவுரை. எதையும் குறிப்பாகப் பார்க்காமல் எதிராளி முழுவதும் கண்ணில் விழும்படி வைத்துக்கொள்வது. அப்படிப் பார்த்தால்தான் அந்த மார்பு எழும்புவதும் எடை மாறுவதும் தெரியும். முறைத்தால் கை மட்டும்தான் தெரியும், அதுவோ கடைசியாக வருவது.

கண் விரிந்திருக்கும்போது மனத்தை எங்கே வைப்பது? தொப்புளுக்குக் கீழே ஒரு புள்ளியில் என்பார் தொஹெய். அங்கே ஏதோ சக்தி குடியிருப்பதாக நான் நம்புவதில்லை. ஆனால் அங்கே நினைப்பை வைத்தால் மூச்சு கீழே இறங்குகிறது, தோளும் இறங்குகிறது, அசையும்போது இடுப்பிலிருந்து அசைய முடிகிறது. எனக்கு அது போதும். சைக்கிள் ஓட்டும்போது பள்ளத்தையே பார்த்தால் நேராகப் பள்ளத்துக்குள் போவோம் இல்லையா, அது மாதிரிதான் பிடிபட்ட கையும்.

ரந்தோரியில் இது இன்னும் அம்பலமாகும். மூன்று பேர் ஒரே நேரத்தில் வருவார்கள். நான் முதல் ஆளை வீசிவிட்டு, அடடா என்ன அழகு என்று அவர் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற அரைக்கணத்தில் இரண்டாவது ஆள் பின்னாலிருந்து தோளைப் பிடித்துவிட்டார். வீசி முடித்த பின்னும் விலகாமல் நிற்கும் கவனத்துக்கு ஸான்ஷின் என்று பெயர். பெயர் எனக்கு முதல் மாதமே தெரியும், தேர்வில்கூட எழுதலாம். உடம்புக்குத் தெரிந்தது அன்றுதான்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒன்று. இதெல்லாம் இருக்கட்டும், முதலில் உகேமி. விழக் கற்காதவர் பயத்தில் இறுகுவார், இறுகியவருக்குத் தளர்வும் இல்லை, நேரமும் இல்லை. நிக்கியோ போன்ற மணிக்கட்டுப் பூட்டுகளில் வலி வரும்வரை காத்திருந்து வீரம் காட்டாதீர்கள். போதும், விடுங்கள் என்பதற்கு அடையாளமாக மேட்டைத் தட்டிவிடுங்கள். தட்டிய கை அடுத்த நாள் பயிற்சிக்கு வரும், தட்டாத கை ஆறு வாரம் ஓரத்தில் உட்கார்ந்து கால்களை வேடிக்கை பார்க்கும்.

சென்ற வாரம் மறுபடியும் அந்த அக்காவோடு கொக்யூ-ஹோ. அவர் பிடித்தார். நான் மணிக்கட்டை மறந்தேன். முழங்கைகளை உள்ளே சேர்த்து, மூச்சை வெளியே விட்டு, இடுப்பை ஒரு விரற்கடை முன்னே நகர்த்தினேன். அவர் தோள் லேசாக எழுந்தது, உடம்பு இடப்பக்கம் சாயத் தொடங்கியது. எட்டு வருடத்தில் முதல் முறை! அந்தச் சந்தோஷத்தில் இன்னும் கொஞ்சம் தள்ளிவிடலாம் என்று நினைத்தேன். அவர் சாய்வது நின்றது. திரும்பி நேராக உட்கார்ந்துகொண்டு சிரித்தார்.

“தோள் ஏறிடுச்சு தம்பி.”

மணிக்கட்டுகளை மறுபடி நீட்டினேன்.